இருபத்துமூன்றாம் நோன்பு

ரமலான் பகலில் சாப்பிட்டாலும் எங்கள் ஊரில் யாரும் ஏனென்று கேட்காத ஆட்கள் மூன்று வகை. குழந்தை, நோயாளி, பைத்தியம். என் தம்பி குன்சோரோ இரண்டு ரமலான் அந்த மூன்றாவது வகையில் இருந்தான். ஆட்டுக்கொட்டிலை ஒட்டிய சாய்ப்பில், என் புருஷன் தார்முஜி செதுக்கிய மரக்கட்டையின் இரண்டு ஓட்டைகளில் கால்களை நுழைத்தபடி உட்கார்ந்திருந்தான். உச்சிவெயிலில் நான் போய் சோற்றுத்தட்டை வைப்பேன். அவன் தட்டைப் பார்க்க மாட்டான், காய்ந்துபோன என் உதட்டைப் பார்ப்பான்.

"ஏன்க்கா, எனக்கு மட்டும் நோன்பு கிடையாதா?" என்று ஒரு நாள் கேட்டான்.

எனக்கு எரிச்சல் வந்தது. தின்றுவிட்டுப் பேசாமல் கிட என்று சொல்லிவிட்டு வந்தேன். கட்டை காலை இறுக்குகிறது, எறும்பு கடிக்கிறது, மழையில் நனைகிறேன் என்று அவன் அழுததை எல்லாம் நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அவனுக்கு அதிகமாக வலித்தது இதுதான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஊரே விடியலுக்கு முன் எழுந்து சஹர் சாப்பிடும்போது அவனை மட்டும் யாரும் எழுப்பவில்லை.

கட்டை போட்டதற்கு ஊரைக் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. பாசுங் என்று எங்கள் பக்கம் அதற்குப் பெயர். ஊர்த்தலைவர் கேட்டபோது நானும் தலையை ஆட்டினேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால் நீங்களும் ஆட்டியிருப்பீர்கள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மூன்று மாதம் அவன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். குளிக்கவில்லை. பெற்ற மகள் லாரஸ் மேலே ஏறி உட்கார்ந்தாலும் திரும்பவில்லை. அவன் மனைவி யூனி சோற்றை உருண்டை பிடித்து வாயில் வைத்தால் அது வாயிலேயே இருக்கும். சோம்பேறி என்றார்கள். நானும்தான் சொன்னேன், அவன் காதில் விழும்படியே சொன்னேன். பிறகு வெயில் தொடங்கியதும் ஒரே வாரத்தில் எழுந்துவிட்டான். எழுந்தவன் உட்காரவே இல்லை. தூக்கம் கிடையாது. மோட்டார் சைக்கிளை விற்றுப் பள்ளிவாசலுக்கு நாலு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தான். வீடு வீடாகப் போய்ச் சுட்ட மீன் கொடுத்தான். அவன் பேச்சைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். உண்மையைச் சொல்கிறேன், முதல் பத்து நாள் எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. என் தம்பி திரும்பி வந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, உப்பைப் பாதி நாளில் விளைய வைக்கும் வழி தனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லி, விடிந்ததும் உப்பளத்துக்குப் போய் வரிசையாகப் பதினெட்டுப் பாத்திகளின் மடைப்பலகைகளைப் பிடுங்கி எறிந்தான். வெயில் தொடங்கியதிலிருந்து காய்ந்து கெட்டிப்பட்ட தண்ணீர் எல்லாம் வாய்க்காலோடு கடலுக்குப் போயிற்று. பதினெட்டுக் குடும்பத்தின் உழைப்பு அது. தடுக்கப் போன பக்கத்துப் பாத்திக்காரன் காஸ்முரியின் முன்பல் இரண்டு உடைந்தது. அன்று மாலையே யூனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போனாள். மறுநாள் கட்டை தயார்.

இரண்டு வருஷமும் நாலு மாதமும் கழித்து, சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் வினார்சியம்மா எங்கள் சாய்ப்புக்குள் எட்டிப் பார்த்தார். குட்டையான, கறாரான பொம்பளை. தார்முஜியைக் கூப்பிட்டு, ரம்பத்தை எடுத்து வா என்று மட்டும் சொன்னார். கட்டையிலிருந்து வந்த தம்பியின் கால்கள் குச்சியாக இருந்தன. தூக்கிக்கொண்டுதான் வேனில் ஏற்றினோம்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மாதம் கழித்து அவனைக் கூட்டி வந்தபோது வினார்சியம்மா என்னை உட்கார வைத்துப் பேசினார். இது பேயும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை, பைபோலார் என்கிற நோய் என்றார். "படுத்துக் கிடந்தானே, அதுவும் இதான். மடையைப் பிடுங்கினானே, அதுவும் இதான். ரெண்டு நோய் இல்ல, ஒண்ணு. புரியுதா?" நான் புரிந்ததுபோல் தலையாட்டினேன். பிறகு லித்தியம் மாத்திரையைக் கையில் வைத்துக் காட்டினார்.

"இதுவும் ஒரு வகை உப்புதான் லஸ்மினி. அளவா இருந்தா மருந்து, ஏறினா விஷம். அதனால அவன் நிறையத் தண்ணி குடிக்கணும். சாப்பாட்டுல உப்பைக் குறைக்கக் கூடாது. வேர்வை கொட்டினா உடனே தண்ணி. ஏன்னு உனக்கு நான் சொல்லணுமா? பாத்தியில தண்ணி வத்தினா என்ன ஆகும்?"

"உப்பு ஏறும்."

"அதேதான். பாஸ் பண்ணிட்ட, போ."

நான் சிரித்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து உப்பளத்தில் நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

மாத்திரை வேலை செய்தது. நாலாம் மாதம் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு நடந்தான். எட்டாம் மாதம் எங்கள் பாத்தியில் உப்பு வாரும் பலகையைப் பிடித்தான். முன்போலச் சிரிக்கவில்லை, முன்போல அழவும் இல்லை. கொஞ்சம் மந்தமாக இருந்தான். எனக்கு அது போதும். காஸ்முரியிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அந்த ஆள் தன் பொய்ப்பல்லைக் கழற்றிக் காட்டி, இதைத் தேய்த்துக் கழுவிக் கொடு, கணக்குத் தீர்ந்தது என்றானாம். கழுவிக் கொடுத்துவிட்டு வந்து தம்பி அன்று பகலிலேயே ஒரு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கினான்.

அவனுக்கு ஒரே ஏக்கம்தான், யூனியும் பிள்ளையும். பிரிந்தபோது மூன்று வயது, இப்போது லாரஸுக்கு ஆறு. ரமலானுக்கு ஒரு வாரம் முன்பு அவன் மாமனார் ஹாஜி மக்சும் தானாகவே வந்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார். காப்பி குடித்தார். கிளம்பும்போது சொன்னார்:

"முப்பதும் பிடிக்கட்டும். பெருநாளுக்கு நானே ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன். பைத்தியத்துக்குத்தான் நோன்பு கடமை இல்ல. பிடிச்சு முடிச்சான்னா ஊர்ல ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது."

அவர் கெட்டவர் இல்லை. மகள் புருஷனோடு வாழ வேண்டும், ஊர் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் நினைத்தது. தம்பி அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

பள்ளிவாசலில் எங்கள் மார்க்கப் பெரியவர் கியாயிடம் போய்க் கேட்டேன். தினமும் மருந்து சாப்பிடுகிறவன் நோயாளி, நோன்பை விடலாம், நாளுக்கு ஒரு ஏழைக்கு அரிசி கொடுத்தால் போதும் என்றார். வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "ரெண்டு வருஷம் என்னை நாயா நெனச்சு பகல்ல சோறு வெச்ச. இந்த வருஷம் ஒரே ஒரு தடவை சஹருக்கு எழுப்புக்கா" என்றான். முதல் நோன்பன்று மூன்று மணிக்கே போய் அவனை எழுப்பினேன்.

வினார்சியம்மாவும் முன்பே எச்சரித்திருந்தார். நோன்பு வேண்டவே வேண்டாம், பிடித்தே தீருவான் என்றால் முதலில் என்னிடம் சொல், டாக்டரைக் கேட்டு மருந்தை மாற்றி, வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மருந்தை மாற்றுவார்கள், மருந்தை மாற்றினால் பழையபடி ஆகிவிடுவான் என்று பயந்தேன். பத்தாம் நோன்பன்று அவருடைய மொபெட் சத்தம் வாசலில் கேட்டதும் அவசரமாக ஒரு டம்ளர் டீ ஊற்றி, பாதியை மண்ணில் கொட்டிவிட்டு, மீதியைத் தம்பி பக்கத்தில் வைத்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார். நல்ல பிள்ளை, குடி குடி என்று அவன் தோளைத் தட்டினார். மறுநாளிலிருந்து தடுப்பூசி வேலைக்காக மலைப்பக்கம் போவதாகவும், பெருநாள் நெருங்கித்தான் திரும்புவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமைகூடப் பட்டேன்.

மாத்திரையை நான் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. சஹரில் ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று. பகல் முழுக்க உப்பளம். அந்த வருஷம் ரமலான் கொளுத்துகிற வெயிலில் வந்தது. உப்புக்கு அதைவிட நல்ல வெயில் கிடையாது. பாத்திகள் முன்கூட்டியே வெளுத்தன. தம்பியின் முதுகுச் சட்டையிலும் வேர்வை காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் அதைத் தினமும் துவைத்தேன்.

பதினாறாம் நோன்பில் அவன் கை நடுங்கியது. டம்ளரைப் பிடித்தால் தளும்பியது. பசி நடுக்கம் என்று அவனே சொன்னான். பத்தொன்பதில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். நோன்பு திறக்கும்போது எண்ணெய்ப் பலகாரத்தை அள்ளிப் போட்டுக்கொண்டதால் வந்த வினை என்று திட்டினேன். தானாக வந்த வாந்தி நோன்பை முறிக்காது என்று அவன் கியாயிடம் ஆள் அனுப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டான். இருபத்தொன்றில் பேச்சு குழறியது. குடித்தவன்போலத் தள்ளாடி வரப்பில் நடந்தவன், கால் இடறி மடைப்பலகையின் மேலேயே விழுந்தான். பலகை பெயர்ந்தது. எங்கள் பாத்தித் தண்ணீர் பக்கத்துப் பாத்திக்குள் பாய்ந்தது.

அது ஒன்றும் பெரிய சேதமில்லை. ஆனால் மடைப்பலகை கையோடு கிடந்த குன்சோரோவை உப்பளமே பார்த்தது. அரைமணி நேரத்தில் ஊர்த்தலைவரும் ஐந்தாறு ஆண்களும் வந்துவிட்டார்கள். யாரும் கத்தவில்லை. திரும்பிடுச்சு லஸ்மினி, நீயே பார்த்துக்கொள், இல்லாவிட்டால் நாங்கள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் தலைவர். காஸ்முரிகூட என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

கட்டையைத்தான் வினார்சியம்மா அறுக்க வைத்திருந்தார். கட்டையைப் பூட்டியிருந்த சங்கிலியைத் தார்முஜி ஆட்டுக்கொட்டில் கூரையில் சொருகி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஒரு கணுக்காலில் மட்டும் போட்டான். பெருநாள் வரைக்கும்தான், ஊர் வாயை அடைக்கத்தான் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். தம்பி எதிர்க்கவில்லை. எதிர்க்கிற அளவுக்கு அவனிடம் தெம்பு இல்லை. தன் காலை அவனே நீட்டினான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நோய் திரும்புகிறது என்று நானும் நம்பினேன். நோய் ஏறினால் மருந்தையும் ஏற்ற வேண்டும் என்று எனக்கு நானே முடிவு செய்து, அன்று ஒன்றுக்குப் பதில் இரண்டு மாத்திரை கொடுத்தேன். மறுநாளும் இரண்டு வேளையும் இரண்டிரண்டு கொடுத்தேன். நோன்பை மட்டும் விடவில்லை. இப்போதுதான் விடவே கூடாது என்று நினைத்தேன். சங்கிலியில் இருந்தாலும் முப்பதையும் முடித்தான் என்றால் ஹாஜியார் சொன்ன சொல்லை மாற்ற முடியாதே. பைத்தியம் நோன்பு பிடிக்காது, இவன் பிடிக்கிறான், ஆகவே இவன் பைத்தியமில்லை. அந்த ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

இருபத்துமூன்றாம் நோன்பு அன்று மாலை நாலரை மணிக்குச் சாய்ப்புக்குப் போனேன். பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். உதடு வெடித்திருந்தது. கண் என்மேல் நிலைக்காமல் நழுவி நழுவிப் போயிற்று.

"தண்ணி" என்றான்.

"இன்னும் ஒரு மணி நேரம்தான்டா."

"அக்கா... தண்ணி."

"இருபத்துமூணு முடியப் போகுது. ஒரு மணி நேரத்துக்காகக் கெடுத்துக்காதடா. லாரஸ் வருவா. பொறுத்துக்கோ ராசா."

அவன் மறுபடி கேட்கவில்லை. என் சொல்லை அவன் எப்போதும் தட்ட மாட்டான். நான் அவன் தலையைத் தடவிவிட்டு, வாழைப்பழத்தைத் தேங்காய்ப்பாலில் போட அடுக்களைக்குப் போனேன். அவனுக்குப் பிடிக்கும் என்று வெல்லம் கூடுதலாகப் போட்டேன். பள்ளிவாசல் முரசு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது சங்கிலி ஓயாமல் குலுங்குகிற சத்தம் கேட்டது. ஓடிப்போனேன். வாயில் நுரை, கண் மேலே செருகி, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. பானையோடு தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். பல் கிட்டியிருந்தது. எல்லாம் கழுத்து வழியாக மண்ணில் இறங்கியது.

உப்பு லாரியில்தான் ஏற்றிப் போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தில் குழாய் சொருகி, ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் கழுவி உள்ளே விட்டார்கள். மருந்து பல நாளாக ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது என்றார் டாக்டர். நோய் திரும்பவே இல்லை, நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழறல் எல்லாம் விஷத்தின் அடையாளம், முதல் நடுக்கத்திலேயே மாத்திரையை நிறுத்திக் கூட்டி வந்திருந்தால் முழுசாகப் பிழைத்திருப்பான் என்றார். எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வினார்சியம்மா வந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த டீ டம்ளர் பொய்யா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "நானும் உதட்டைப் பார்த்திருக்கணும். டம்ளரைப் பார்த்துட்டுப் போயிட்டேன்" என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். உயிர் இருந்தது. மூளையில் நடையையும் பேச்சையும் பிடித்து வைத்திருக்கிற இடம் கெட்டுவிட்டது, அது இனி சரியாகாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இரண்டு பேர் பிடித்தால் நடப்பான். ஒரு சொல் வெளியே வர முகமெல்லாம் கோணும். உப்புப் பலகையை இனி அவனால் பிடிக்க முடியாது. நல்ல புத்தி மட்டும் அப்படியே இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெருநாள் முடிந்து எட்டாம் நாள், ஓலைப்பின்னல் சோறு வேகவைத்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிற நாளில், ஹாஜி மக்சும் யூனியையும் லாரஸையும் கூட்டி வந்தார். சொன்ன சொல்லுக்காக வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தம்பி பிள்ளையைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. லாரஸ் அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சின்னவர்கள் பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிற சடங்கை நோயைக் காட்டி விட்டுவிடலாம் என்றேன். தம்பி கேட்கவில்லை. பாயில் கையை ஊன்றி, முழங்காலால் நகர்ந்து நகர்ந்து என்னிடம் வந்து, நடுங்குகிற தலையை என் மடியில் வைத்தான்.

"அக்... கா. ரொம்ப... படுத்திட்டேன். மன்... னிச்சிடு."

சடங்குப்படி நான் அவன் தலையில் கைவைத்து, மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். மன்னிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, நோய் முற்றிவிட்டது, அல்லா நாட்டம், நாம் என்ன செய்ய முடியும் என்று ஆரம்பித்தார்.

"நோய் இல்ல மாமா," என்றேன். "நோய் வரவே இல்ல. தண்ணி இல்லாமப் போனது. தண்ணி கேட்டான். ஒரு மணி நேரம் பொறுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன். மாத்திரையை ரெட்டிப்பாக் குடுத்ததும் நான்தான்."

ஹாஜியார் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதும் பிடிக்கட்டும் என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். யூனி மெதுவாகக் கேட்டாள், அப்படியானால் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று. இல்லை என்றேன். அவள் அவனிடம் குனிந்து தோளைத் தொட்டு ஏதோ சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அவளை நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

அவர்கள் போன பிறகும் தம்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னது முழுக்க அவனுக்கும் கேட்டிருந்தது. என்னைப் பார்த்து ஏதாவது கேட்பான், கத்துவான், காறித் துப்புவான் என்று காத்திருந்தேன். ஆனால் ஆஸ்பத்திரிக்கு முந்தைய நாட்கள் சரியாக நினைவில்லாத அவன் கேட்டது வேறு.

"எத்... தனை பிடிச்சேன்?"

"இருபத்துரெண்டு."

"மிச்சம்... எட்டு." விரலை மடக்கி எண்ண முயன்றான், விரல் மடங்கவில்லை. "அப்புறமா... பிடிச்சிடு... வேன். எழுப்பு... க்கா."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தேன். அவன் கை டம்ளரைப் பிடிக்காது. வாயில் வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அவன் குடித்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டே இருந்தேன்.